பாதி டேங்கில் நிற்கும் வேன்: டீசல் பம்பைக் கழற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

வண்டி வாகனம் – வாசகர் கேள்வி பதில்

“எங்களிடம் 1997 மாடல் மெட்டடார் டீசல் வேன் இருக்கிறது. தக்காளி, முருங்கை, மிளகாய் என்று விளைந்ததை ஏற்றிக்கொண்டு வாரத்தில் நான்கு நாள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போகிறோம். நான்கு மாதமாக ஒரு தொல்லை. டேங்க் நிறைய டீசல் இருந்தால் வண்டி நன்றாக ஓடுகிறது. பாதிக்குக் கீழே இறங்கியதும் மேட்டில் இழுவை குறைந்து, திணறி நின்றுவிடுகிறது. ஹேண்ட் பிரைமரை அடித்து ஏர் எடுத்தால் கிளம்பும். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நிற்கும். இரண்டு தடவை ஃபில்டர் மாற்றியாகிவிட்டது. டீசல் பம்பைக் கழற்றி வேலை பார்க்க வேண்டும், 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்கிறார் மெக்கானிக். போன மாதம் வண்டி வழியில் நின்றதில், கேரளா லாரிகள் கிளம்பிய பிறகுதான் மார்க்கெட் போய்ச் சேர்ந்தோம். ஒரு லோடு தக்காளியைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். பம்பை வேலை பார்ப்பதா, வண்டியைத் தள்ளிவிடுவதா?”

– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம் வட்டம்

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. டேங்க் நிறைய இருக்கும்போது ஓடுகிறது, பாதிக்குக் கீழே போனால் நிற்கிறது என்கிறீர்கள். டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்பது டீசல் பம்புக்குத் தெரியாது. தேய்ந்துபோன பம்ப் நிறைந்த டேங்கிலும் தகராறு செய்யும், காலி டேங்கிலும் தகராறு செய்யும். டீசல் மட்டத்தைப் பொறுத்துப் பழுது வந்து போகிறது என்றால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்தான் முதலில் தேட வேண்டும். அந்த இடத்தில் ஆகும் செலவு சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

டிராக்டர் வேறு, வேன் வேறு

நம் விவசாயிகளில் பலருக்கு டிராக்டர் பழக்கம் உண்டு. அதை வைத்தே வேனையும் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. பெரும்பாலான டிராக்டர்களில் டேங்க், எஞ்சினுக்கு மேலே இருக்கும். டீசல் தானாகவே கீழே இறங்கி வரும். குழாயில் எங்காவது ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டும். கண்ணால் பார்த்துவிடலாம்.

வேனில் டேங்க் வண்டிக்கு அடியில் தொங்குகிறது. எஞ்சின் பக்கத்தில் இருக்கும் ஃபீட் பம்ப்தான் டீசலை மேலே உறிஞ்சி எடுக்கிறது. இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது மாதிரி. ஸ்ட்ராவில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்குக் காற்றுதான் வரும். வேனிலும் அதே கதை. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள வழியில் ஓட்டை இருந்தால், எஞ்சின் ஓடும்போது வெளியே ஒரு சொட்டு டீசலும் தெரியாது. உள்ளே காற்று போய்க்கொண்டே இருக்கும். டீசல் பம்புக்குள் காற்று போனால் அது அமுங்கி விரியுமே தவிர, நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் கொடுக்காது. இதைத்தான் ‘ஏர் பிடித்துவிட்டது’ என்கிறோம்.

நீங்கள் பிரைமர் அடித்து ஏர் எடுத்ததும் வண்டி கிளம்புகிறது. அப்படியென்றால் காற்று எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஃபில்டரை எத்தனை தடவை மாற்றினாலும் அந்த ஓட்டை அடைபடாது.

அறிகுறியைப் படியுங்கள்

கழற்ற ஆரம்பிக்கும் முன் ஒரு வாரம் வண்டியைக் கவனித்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எப்போது நிற்கிறது, டீசல் முள் எங்கே இருக்கிறது, லோடு இருந்ததா, மேடா சமதளமா, எதைச் செய்ததும் மறுபடி கிளம்பியது என்று குறித்தால் போதும். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு முகம் உண்டு.

• டேங்க் நிறைந்திருந்தால் ஓடும், குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போனால் நிற்கும், பத்து லிட்டர் ஊற்றியதும் சரியாகும்: டேங்குக்குள் நிற்கும் உறிஞ்சு குழாயில் ஓட்டை.

• பத்து, பதினைந்து கிலோமீட்டர் நன்றாக ஓடி, மெல்ல மெல்ல இழுவை குறைந்து நிற்கும். டேங்க் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும். பிறகு ஓடும்: மூடியின் காற்றுத் துளை அடைப்பு.

• நின்ற பிறகு கால் மணி நேரம் சும்மா விட்டால் தானாகவே கிளம்பும், கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கும்: டேங்குக்குள் குப்பை. எஞ்சின் உறிஞ்சும்போது குப்பை சல்லடையில் வந்து ஒட்டும். நின்றதும் உதிர்ந்து விழும்.

• காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாது, பிரைமர் அடிக்க வேண்டும், கிளம்பிவிட்டால் நாள் முழுக்கத் தொல்லை இல்லை: இரவில் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. ஃபீட் பம்பின் வால்வு தேய்ந்திருக்கலாம். அல்லது ஹோஸ் இணைப்பில் மிகச் சிறிய கசிவு இருக்கலாம்.

• எந்த மட்டத்திலும் லோடு ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் இழுவை இல்லை, நிற்பதில்லை: ஃபில்டர் அடைப்பு, அல்லது உறிஞ்சும் ஹோஸ் உள்ளுக்குள் சுருங்குகிறது.

உங்கள் வண்டியின் முகம் முதல் வகை. ஆனாலும் செலவில்லாத வேலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவதே நல்லது. பழைய வண்டியில் ஒரே சமயத்தில் இரண்டு பழுது சேர்ந்திருப்பது சகஜம்.

முதல் வேலை: டேங்க் மூடி

எஞ்சின் டீசலைக் குடிக்கக் குடிக்க, அந்த இடத்தை நிரப்ப டேங்குக்குள் காற்று போக வேண்டும். பல பழைய வண்டிகளில் மூடியிலேயே அதற்கான துளை இருக்கும். சில வண்டிகளில் டேங்கின் மேலே தனியாக ஒரு சின்ன டியூப் இருக்கும். மண் சாலையில் ஓடும் வண்டியில் தூசியும் டீசல் பிசுக்கும் சேர்ந்து இதை அடைத்துவிடும். மூடி தொலைந்து, வேறு வண்டி மூடியைப் போட்டிருந்தால் அதில் துளையே இல்லாமலும் இருக்கலாம்.

வண்டி திணறும்போது ஓரமாக நிறுத்தி, மூடியைத் திறந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். காற்று உறிஞ்சும் சத்தம் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மூடியை டீசலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்தால் போதும். ஆணி வைத்துப் புதுத் துளை போடாதீர்கள். அந்த வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போய், ஒரு பழுதுக்குப் பதில் இன்னொரு பழுது வரும்.

இரண்டாவது: ஹோஸ், கிளிப், வாஷர்

வண்டிக்கு அடியில் படுத்து, டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை குழாயைக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். கிளிப் இறுக்கமாக இருக்கிறதா, இரும்புக் குழாய் சேசிஸில் உரசித் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ஈரப்பிசுக்குடன் மண் அப்பியிருந்தால் அங்கே சந்தேகப்படலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது டீசல் அங்கே மெதுவாகக் கசிந்திருக்கும். அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, மறுநாள் காலையில் மறுபடியும் பாருங்கள்.

அவசரத்துக்குத் தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. டீசல் பட்டால் அது ஊறி இளகிவிடும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும். எஞ்சின் உறிஞ்சும்போது உள்சுவர் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். டீசலுக்கென்று விற்கும் ஹோஸையே வாங்கிப் போடுங்கள். துளையுள்ள போல்ட் வழியாக டீசல் போகும் இணைப்புகளில் இரண்டு பக்கமும் காப்பர் வாஷர் இருக்கும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புது வாஷர் போடுவது நல்லது. விலை குறைவுதான். பழைய வாஷரையே திரும்ப இறுக்குவதால் ஏர் பிடிக்கும் வண்டிகள் நிறைய.

மூன்றாவது: கண்ணாடி டியூப் சோதனை

ஃபீட் பம்புக்கு டீசல் வந்து சேரும் இடத்தில் ஹோஸைக் கழற்றி, நடுவில் ஓர் அடி நீளத்துக்கு உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, கிளிப் போடுங்கள். ஏர் எடுத்து எஞ்சினை ஓடவிட்டு, டியூபைக் கவனியுங்கள். முதலில் கொஞ்ச நேரம் குமிழி வரும், அது சாதாரணம். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் குமிழி ஓடிக்கொண்டே இருந்தால், காற்று அந்த டியூபுக்கு முன்னால், அதாவது டேங்க் பக்கத்தில்தான் நுழைகிறது. உங்கள் வண்டியில் இந்தச் சோதனையை டேங்க் நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, பாதிக்குக் கீழே இருக்கும்போது ஒரு தடவை செய்யுங்கள். முதல் தடவை குமிழி இல்லாமலும் இரண்டாவது தடவை குமிழியோடும் இருந்தால், பம்ப் குற்றவாளி இல்லை என்று மெக்கானிக்குக்கே காட்டிவிடலாம்.

சோதனை முடிந்ததும் அந்த டியூபைக் கழற்றிவிடுங்கள். அது எஞ்சின் சூட்டில் விறைத்து வெடித்துவிடும்.

நான்காவது: கேன் சோதனை

ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீட் பம்பின் உறிஞ்சு ஹோஸை டேங்க் குழாயிலிருந்து விடுவித்து, நல்ல ஹோஸ் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையைக் கேனுக்குள் விடுங்கள். கேனைத் தரையிலேயே வையுங்கள். கேனை மேலே தூக்கி வைத்தால் டீசல் தானாக இறங்கி வரும். அப்போது ஃபீட் பம்ப் பலவீனமாக இருந்தாலும் தெரியாமல் போய்விடும். சைலன்சர் பக்கத்தில் கேன் இருக்கக் கூடாது. ரிட்டர்ன் குழாய் டேங்குக்கே போய்க்கொண்டிருக்கும் என்பதால், கேனில் டீசல் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறையும். கேன் காலியாகி மறுபடி ஏர் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினை ஓடவிட்டு, இடையிடையே நன்றாக முறுக்கிப் பாருங்கள். கேனிலிருந்து ஓடும்போது திணறாமல் ஓடினால், ஃபீட் பம்ப், ஃபில்டர், டீசல் பம்ப் எல்லாம் சரி. பழுது டேங்கிலும் அதன் குழாயிலும் மட்டுமே. கேனிலிருந்தும் திணறினால், ஃபீட் பம்புக்கு இந்தப் பக்கம் பார்க்க வேண்டும். 20,000 ரூபாய் வேலையை ஒப்புக்கொள்ளும் முன் இந்த ஒரு சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் மறுக்க மாட்டார். பெட்ரோல் வண்டியில் இதை வீட்டில் செய்யவே கூடாது.

ஐந்தாவது: டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய்

டேங்கின் மேல்தட்டிலிருந்து ஓர் இரும்புக் குழாய் அடிவரை இறங்கும். அதன் அடிமுனையில் சல்லடை இருக்கும். டீசலில் எப்போதும் மூழ்கியிருக்கும் அடிப்பகுதி அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. டீசல் ஏறி இறங்கும் நடுப்பகுதியிலும் மேல்பகுதியிலும்தான் காற்றும் ஈரமும் சேர்ந்து துரு அரிக்கும். அங்கே ஊசி ஓட்டை விழுந்தால், டீசல் மட்டம் ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை ஓட்டை வழியாகவும் டீசலே வரும், தொல்லை தெரியாது. மட்டம் ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் காற்று வரும். உங்கள் வண்டி பாதி டேங்கில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

குழாயைக் கழற்றிய பிறகு சோதிப்பது எளிது. ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பை இணைத்து, வாளித் தண்ணீரில் முக்கிக் காற்றடியுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. தட்டோடு குழாய் சேரும் பற்றவைப்பையும் சேர்த்துப் பாருங்கள். குழாயை மாற்றிவிடுவதே நல்லது. கிடைக்காவிட்டால், கழற்றிய குழாயை நன்றாகக் கழுவி உலர்த்தி, டேங்க் இருக்கும் இடத்துக்கு வெகு தூரத்தில் வைத்துப் பற்றவைக்கலாம். எம்-சீல் பூசி ஓட்டுவது மார்க்கெட் போய் வீடு திரும்புவதற்கு மட்டும்தான்.

சல்லடையைத் தூக்கி எறிந்துவிட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடைப்பு தீர்ந்த மாதிரி தெரியும். அந்தக் குப்பை அடுத்து ஃபீட் பம்பின் வால்வில் போய் உட்காரும்.

டேங்கைச் சுத்தம் செய்வது

குழாயைக் கழற்றியது கழற்றியதுதான், டேங்கையும் சுத்தம் செய்துவிடுங்கள். அடியில் இருக்கும் டிரெய்ன் போல்ட்டைத் திறந்து, கடைசியில் வரும் ஒரு லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு வையுங்கள். அடியில் தனியாக நிற்பது தண்ணீர். பழுப்புத் தூள் துரு. டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கறுப்பாக, சளி போல இருந்தால் அது நுண்ணுயிர் வளர்ச்சி. டேங்கில் தண்ணீர் தேங்கினால்தான் அது வளரும். தண்ணீரை ஒழித்தால் அதுவும் ஒழியும். இரண்டு மூன்று தடவை டீசல் ஊற்றிக் குலுக்கிக் கழுவி, தெளிவாக வரும்வரை வெளியேற்றுங்கள். பிறகு இரண்டு ஃபில்டரையும் மாற்றுங்கள்.

கம்ப்ரஸர் காற்றை டேங்க் பக்கம் திருப்பி அடித்தால் அடைப்பு உடனே விலகும். வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க இது உதவும். ஃபீட் பம்புக்கு முன்னால் ஹோஸைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும். ஆனால் குப்பை டேங்குக்குள்ளேயேதான் இருக்கிறது. இரண்டு நாளில் திரும்பி வரும்.

கவனம்: உயிர் விஷயம்

டேங்கில் ஓட்டை என்றால் சிலர் டேங்கைக் கழற்றி நேராக வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். டீசல்தானே, பெட்ரோல் இல்லையே, காலி டேங்க்தானே என்று நினைப்பார்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. மடிப்புகளில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் டீசல், வெல்டிங் சூட்டில் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து வெடிக்கும். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த டேங்கும் வெடிக்கும். டேங்கைப் பற்றவைக்கத் தெரிந்த ரேடியேட்டர், டேங்க் பட்டறைகள் தனியாக இருக்கின்றன. அங்கேதான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பழைய டேங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு டேங்க் மாட்டுங்கள்.

இன்னொன்று. ஏர் எடுக்கும்போது நாசில் பைப் நட்டைத் தளர்த்த வேண்டியிருந்தால், எஞ்சினைச் சுற்றும்போது விரலை அங்கே வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. அப்படி நடந்தால் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் பீய்ச்சி உள்ளே போய்விட்டது என்று சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

எல்லாம் பார்த்த பிறகும் தீரவில்லையா?

குமிழி இல்லை, மூடி சரி, கேனிலிருந்து ஓட்டினாலும் திணறுகிறது என்றால் ஃபீட் பம்பைப் பாருங்கள். அதன் முன்னால் சின்னக் கிண்ணமும் சல்லடையும் இருந்தால் அதைக் கழுவுங்கள். பிரைமரை அடிக்கும்போது கொஞ்ச நேரத்தில் கை கனக்க வேண்டும். எவ்வளவு அடித்தாலும் லேசாகவே இருந்தால், வால்வோ பிரைமரோ போயிருக்கிறது. அதற்கும் பிறகுதான் மெக்கானிக்குகள் எஃப்.ஐ.பி. என்று சொல்லும் டீசல் பம்பின் முறை. அதையும் சோதனை பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் கடையில், நாசிலோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வண்டியை விற்கும் யோசனை அதற்கும் பிறகு இருக்கட்டும். குழாய் வேலை முடியும்வரை டேங்கைப் பாதிக்கு மேலேயே வைத்து மார்க்கெட் போய் வாருங்கள். லோடு நேரத்துக்குப் போய்ச் சேரும்.

“பால் எடுக்கப் பழைய மாருதி ஆம்னி வைத்திருக்கிறேன். கார்புரேட்டர் மாடல், பெட்ரோல். மதிய வெயிலில் நின்றுவிடுகிறது. ஆறிய பிறகு கிளம்புகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா?”

– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

நேரடிக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தொடர்பு இருக்கலாம். இப்போது பங்குகளில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. உங்கள் வண்டி செய்யப்பட்ட காலத்து ரப்பர் ஹோஸும் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, இளகி, வெடிக்கும். டேங்கில் பல வருடமாக ஒட்டியிருந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும். அது ஃபில்டரில் போய் அடைக்கும்.

முதலில் டேங்க் மூடியின் காற்று வழியைப் பாருங்கள். அடுத்து ஃபில்டரை மாற்றுங்கள். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையில் புதிதாகப் போடுங்கள். பெட்ரோல் பைப் எஞ்சின் சூட்டுக்கோ சைலன்சருக்கோ மிக அருகில் போனால், பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் நிற்கும். இதைத்தான் வேப்பர் லாக் என்பார்கள். மதியம் நின்று, ஆறியதும் கிளம்புவது அதன் அறிகுறி. பைப்பைச் சூட்டிலிருந்து விலக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். டேங்கில் தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். ஆகவே பெட்ரோல் வண்டியை வாரக்கணக்கில் கால் டேங்கோடு நிறுத்தி வைக்காதீர்கள். மூடியின் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் வேலையைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும். வீட்டு வாசலில், அடுப்பு எரியும் இடத்துக்குப் பக்கத்தில் டேங்கைத் திறக்காதீர்கள்.

“டிராக்டருக்கும் வேனுக்கும் சேர்த்து 200 லிட்டர் பேரலில் டீசல் வாங்கி வைக்கிறோம். அதன் பிறகுதான் அடிக்கடி ஃபில்டர் அடைக்கிறது. என்ன செய்யலாம்?”

– ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பேரல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நிமிர்த்தி, வெட்டவெளியில் வைத்திருந்தால் மேல்தட்டில் மழைத் தண்ணீர் தேங்கும். பகலில் சூடாகி விரிந்த டீசல் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, மூடியின் திருகு வழியாக அந்தத் தண்ணீரைப் பேரல் உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருப்பதாகவே நமக்குத் தெரியும்.

பேரலை நிழலில், கூரைக்கு அடியில், கட்டை மேல் வையுங்கள். அடுப்பும் மின்மோட்டாரும் இருக்கும் கொட்டகையில் வேண்டாம். லேசாகச் சாய்த்து, மூடி மேட்டுப்பக்கம் இருக்கும்படி வைத்தால் தண்ணீர் மூடியைத் தொடாது. பேரலை நகர்த்தினால் ஒரு நாள் தெளியவிட்டுப் பிறகு எடுங்கள். கைப்பம்பின் குழாய் அடியைத் தொடக் கூடாது; மூன்று அங்குலம் மேலே நிற்கட்டும். அடியில் தங்கும் டீசலைத் தனியே வடித்து, தெளியவைத்து, மேலே இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். ஊற்றும்போது சல்லடை வைத்த புனலைப் பயன்படுத்துங்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் நூல் உதிர்ந்து, அதுவே ஃபில்டரை அடைக்கும். துத்தநாகம் பூசிய வாளி, டிரம்மில் டீசலை வைக்காதீர்கள். துத்தநாகத்தோடு சேர்ந்து டீசல் பிசுபிசுப்பாகி ஃபில்டரில் படியும்.

“டீசல் டேங்கில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினால் அடைப்பு கரையும் என்கிறார்கள். உண்மையா?”

– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

துருவும் மண்ணும் மண்ணெண்ணெயில் கரையாது. டீசல் பம்புக்குள் நுணுக்கமாகப் பொருந்தி ஓடும் பாகங்களுக்கு டீசல்தான் வழுவழுப்பு தருகிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு போதாது. அடைப்பு கரையாததோடு, நன்றாக இருக்கும் பம்பும் தேயும். ஊற்ற வேண்டாம்.

“டேங்கிலிருந்து டீசல் எடுக்க டியூபை வாயால் உறிஞ்சுவது எங்கள் பக்கம் வழக்கம். போன வாரம் என் மகன் கொஞ்சம் விழுங்கிவிட்டான். இருமல் இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. ஆபத்து உண்டா?”

– ஒரு வாசகர், தேனி மாவட்டம்

இருமல் வந்தது என்றால் டீசல் மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருக்கலாம். சரியான மாதிரி தெரிந்தாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, நெஞ்சைச் சோதித்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதே பெரிய ஆபத்து. சில துளிகள் போனாலும் நுரையீரல் புண்ணாகிக் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வரும். சில மணி நேரம் கழித்துக்கூட வரும். இப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு மேலே வரும் டீசல் நுரையீரலுக்குள் போய்விடும். உப்புத் தண்ணீர், மோர் எதுவும் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 108க்கு அழைக்கலாம்.

கையால் அமுக்கி எடுக்கும் ரப்பர் பந்து பம்ப் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வண்டியிலேயே போட்டுவையுங்கள். இனி அந்த வீட்டில் யாரும் டியூபில் வாய் வைக்க வேண்டாம்.

கேள்வி அனுப்பும் வாசகர்கள் வண்டியின் மாடல், வருடம், பெட்ரோலா டீசலா, எந்த நேரத்தில் எந்த நிலையில் தொல்லை வருகிறது, இதுவரை என்னென்ன மாற்றினீர்கள் என்பதைக் குறிப்பிடுங்கள். ஒட்டன்சத்திரம் வாசகர் டீசல் மட்டத்தைக் குறிப்பிட்டதால்தான் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தது. அடுத்த இதழில், மழைக்காலத்துக்கு முன் டிராக்டர் டிரெய்லரின் பிரேக்கையும் விளக்கையும் சரிபார்ப்பது பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில்.